ஏழாம் சாம்பியன் தொகாஷி

தொகாஷி யசுஹெய் சகாத்தா துறைமுகத்தில் மண்ணெண்ணெய் விற்றவர். குளிர்காலத்தில் பதினெட்டு லிட்டர் கேன்களைக் கைக்கொன்றாகப் பிடித்துக்கொண்டு, பனி மூடிய படிக்கட்டில் மூன்றாம் மாடி வரை மூச்சு வாங்காமல் ஏறுவார். மேலே போனதும் கேன்களை ஓசைப்படாமல் இறக்கி வைப்பார். வீட்டுக்காரர்கள் கதவைத் திறக்கும் முன்பே குனிந்து வணக்கம் சொல்லிவிடுவார். ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் கறுப்பு ஜட்டி போட்டுக்கொண்டு யாரிடமாவது அடி வாங்குவார்.

எங்கள் மொகாமி மல்யுத்தச் சங்கம் 1985இல் தொடங்கியது. தலைவர் ஷோஜி ஊறுகாய் ஆலை முதலாளி. நான், ஹொன்மா, வார நாட்களில் நகராட்சிக் குடிநீர்ப் பிரிவில் குமாஸ்தா; ஞாயிறுதோறும் மேடை அறிவிப்பாளன். யார் எத்தனையாவது சாம்பியன் என்ற பட்டியலை எழுதி வைப்பதும் என் பொறுப்புதான். அந்த வேலை இப்படி என் தூக்கத்தைக் கெடுக்கும் என்று அப்போது தெரியாது.

மொகாமிப் பட்டத்தின் பெல்ட்டைப் பற்றி ஒரு வார்த்தை. தலைவர் அதை, யமகத்தாவில் வார்ப்பிரும்புக் கெண்டி செய்யும் பட்டறையில் சொல்லிச் செய்வித்தார். பட்டறைக்காரருக்குக் கெண்டி மட்டுந்தான் செய்யத் தெரியும். பதினொரு கிலோ எடையில், கெண்டியைத் தட்டையாக்கி வைத்த மாதிரி ஒரு பெல்ட் வந்து சேர்ந்தது. முதல் சாம்பியன் அதை இடுப்பில் கட்டிக் கையைத் தூக்கியபோது, பெல்ட் தன்னோடு ஜட்டியையும் இழுத்துக்கொண்டு இறங்கியது. அன்றிலிருந்து எங்கள் சாம்பியன்கள் பெல்ட்டைத் தோளில் மட்டுமே போட்டுக்கொள்கிறார்கள்.

தொகாஷிக்கும் பெல்ட்டுக்கும் எந்தச் சம்பந்தமும் வருவதாக இல்லை. அவர் முதல் ஆட்டக்காரர். ஜனங்கள் செருப்பைக் கழற்றிவிட்டு, சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்து, இடம் தேடி உட்காரும் நேரத்தில் அவர் தோற்று முடித்திருப்பார். ஒன்பது வருஷத்தில் இருநூற்றுப் பன்னிரண்டு ஆட்டம், இருநூற்றுப் பன்னிரண்டு தோல்வி. யார் ஜெயிப்பார்கள் என்பது தலைவருக்கு மதியமே தெரிந்திருக்கும். எப்படித் தெரியும் என்று எங்களில் யாரும் கேட்டதில்லை. தொகாஷியும் கேட்டதில்லை. நன்றாகத் தோற்பது ஒரு வேலை, அதை ஒழுங்காகச் செய்கிறேன் என்பார்.

அவர் மனைவி ஃபுமியே. வெடிபொருள், எரிபொருள் கையாளும் உரிமத் தேர்வை ஒரே தடவையில் எழுதித் தேறியவர். தொகாஷி அதை நான்கு தடவை எழுதினார். கடையின் உரிமமே ஃபுமியே பேரில்தான். கணவன் அடி வாங்குவதைப் பார்க்கும் தைரியம் மட்டும் அவருக்கு இல்லை. அதனால் ஆட்டம் நடக்கும் அரங்குகளில் வாசலிலேயே நின்று, வருகிறவர்களின் செருப்புகளுக்கு அட்டை கொடுத்துக்கொண்டிருப்பார். உள்ளே தொம்மென்று சத்தம் கேட்டால் அங்கிருந்தே முகத்தைச் சுளிப்பார்.

1994 ஏப்ரல் பத்தாம் தேதி ஷின்ஜோ நகர உடற்பயிற்சிக் கூடத்தில் பட்டத்துக்கான ஆட்டம் இருந்தது. அப்போதைய சாம்பியன், ஆறாமவர், ஓபா. நூற்றிருபது கிலோ. கண்ணாடியைக் கண்டால் நின்றுவிடும் மனுஷன். அவரோடு மோத செந்தாய் நகரத்திலிருந்து வந்தவர், முந்தின நாள் பச்சைச் சிப்பி சாப்பிட்டிருந்தார். ஷின்ஜோ ஸ்டேஷன் கழிப்பறைக்குள் போனவர் வெளியே வருவதாகத் தெரியவில்லை. ஆட்டத்துக்கு இன்னும் அரை மணி நேரம். உடை மாற்றாமல் மிச்சம் இருந்தவர், முதல் ஆட்டத்தில் அப்போதுதான் தோற்று வந்து ஆரஞ்சுப் பழம் உரித்துக்கொண்டிருந்த தொகாஷி ஒருவர்தான். தலைவர் அவரைப் பார்த்தார்.

"தொகாஷி, இன்னொரு தடவை தோக்க முடியுமா?"

"எத்தனாவது நிமிஷத்துல?" என்று தொகாஷி கேட்டார்.

ஏழு என்று முடிவானது. நடுவர் குடோ. எங்கள் ஊர்ப் பக்கத்து மலைகள் பூராவும் தேவதாரு மரம். ஏப்ரலில் அதன் மகரந்தம் மஞ்சள் புகையாய் இறங்கும். குடோவுக்கு அது ஆகவே ஆகாது. அன்று அவருடைய மூக்கு தக்காளி மாதிரி இருந்தது. ஆனால் நடுவர் வேலையில் அவருக்கு இருந்த கர்வம் சாதாரணமானதல்ல. காய்ச்சலோடும் வந்து நிற்பார், வேறொருவரை நிற்க விடமாட்டார்.

ஐந்தாம் நிமிஷத்தில் தொகாஷி ஓபாவை, கேனைத் தூக்குவது போல இடுப்போடு கட்டித் தூக்கிக் கீழே போட்டு மேலே படுத்தார். ஜனங்களுக்கு ஒரு விறுவிறுப்பு வேண்டும் அல்லவா, அதற்காக. மூன்று எண்ணுவதற்குள் தோள் எழும்பாவிட்டால் தோல்வி. குடோ விழுந்து படுத்து, தரையைத் தட்டி எண்ணினார். ஒன்று. இரண்டு. மூன்றுக்குக் கை மேலே போனது. ஓபா, கடைசி நொடி வரை காத்திருந்து, அழகாகத் தோளைத் தூக்கினார். குடோவின் கை அந்தரத்தில் நிற்க வேண்டியது. நிற்கவில்லை. குடோ தும்மினார். உடம்பே குலுங்கிய தும்மல். கை தரையில் பட்டது.

மணி அடிப்பவர் தலையைக் குனிந்துகொண்டு காதால் மட்டும் எண்ணுகிறவர். மூன்று தட்டு கேட்டதும் மணியை அடித்துவிட்டார்.

முந்நூற்று நாற்பது பேரும் எழுந்து நின்றார்கள். ஒன்பது வருஷமாக அந்த மனுஷன் தோற்பதைச் சோற்றை மென்றுகொண்டே பார்த்தவர்கள் அவர்கள். ஒரு பெரியவர் தன் தொப்பியை மேடைக்கு எறிந்தார். பக்கத்தில் ஒரு பெண் அழுதாள். பத்திரிகைப் புகைப்படக்காரர் அப்போது பார்த்து ஃபிலிம் மாற்றிக்கொண்டிருந்தார். நான் மைக்கைப் பிடித்தபடி நின்றேன். ஓபா ஜெயித்தார் என்று எழுதிய அட்டை மட்டும்தான் என் கையில் இருந்தது.

மைக்கை என்னிடமிருந்து தொகாஷிதான் வாங்கினார். குனிந்து நாலு பக்கமும் வணங்கினார்.

"மன்னிக்கணும். ஓபா சான் தோளைத் தூக்கிட்டாருங்க. நான் மேல படுத்திருந்தேன், எனக்குத் தெரியும். நடுவருக்குத் தும்மல் வந்துடுச்சு, அவ்வளவுதான். நான் ஜெயிக்கல."

"உனக்கு என்னய்யா தெரியும், சும்மா இரு" என்று பின்வரிசையிலிருந்து ஒருவர் அதட்டினார். கூடம் முழுக்க ஆமாம் போட்டது. தொகாஷி மறுபடியும் விளக்கினார். தோள் எவ்வளவு உயரம் எழும்பியது என்று கையால் காட்டினார். ஜனங்கள் அவரையே திட்டினார்கள். ஜெயித்தவன் ஜெயிக்கவில்லை என்கிறான், பார்த்தவர்கள் ஜெயித்தாய் என்கிறார்கள். நடுவரைக் கேட்டால் தீர்ந்துவிடும். ஆனால் குடோ நெஞ்சை நிமிர்த்தி, தான் எண்ணியது எண்ணியதுதான், தும்மல் என்று எதுவும் நடக்கவில்லை என்று சொல்லிவிட்டு, மூக்கைத் துடைத்துக்கொண்டார்.

வாசலில் ஃபுமியேவிடம் யாரோ ஓடிப்போய், உங்கள் வீட்டுக்காரர் சாம்பியன் ஆகிவிட்டார் என்று சொல்லியிருக்கிறார். கேலி செய்ய வேறு ஆள் கிடைக்கவில்லையா என்று கேட்டுவிட்டு, ஃபுமியே செருப்புகளை வரிசைப்படுத்தப் போய்விட்டார். மூன்றாவது ஆள் வந்து சொன்னபோதுதான் சந்தேகம் தட்டியது. ஆனால் முந்நூற்று நாற்பது ஜோடியை யார் பார்த்துக்கொள்வது? அவர் ஒரு ஆளைப் பிடித்து நிறுத்திவிட்டு உள்ளே வந்தபோது, தலைவர் உடனே மறு ஆட்டம் வைத்து, ஓபா நாற்பது நொடியில் பட்டத்தைத் திரும்ப வாங்கி முடித்திருந்தார். மணி அடித்ததிலிருந்து அதுவரை ஒன்பது நிமிஷம். ஃபுமியே பார்த்தது, வழக்கம்போல மல்லாந்து கிடந்த கணவனை.

பட்டியலில் இதை எப்படி எழுதுவது என்று தலைவரிடம் கேட்டேன். ஓபா இடையில் புகுந்து, எழுதவே கூடாது என்றார். ஒரு மண்ணெண்ணெய்க்காரனிடம் தோற்றதாக அச்சில் வந்தால் தன் பெயர் என்னாவது என்று குதித்தார். தலைவர் தலையசைத்தார். நான் எழுதவில்லை. தொகாஷிக்கு அதில் வருத்தமே இல்லை, அதுதானே உண்மை என்றார். ஃபுமியே என்னோடு இரண்டு மாதம் பேசவில்லை. எங்கள் வீட்டுக்கு எண்ணெய் மட்டும் சரியாக வந்துகொண்டிருந்தது.

ஏழு வருஷம் கழித்து, 2001இல், செந்தாய்க்காரர் ஒருவர் பட்டத்தை இரண்டாம் முறை வென்றார். ‘வரலாற்றில் முதன்முதலாக இரண்டு முறை சாம்பியன்’ என்று சுவரொட்டி ஒட்டினார்கள். மறுநாள் காலை குடிநீர் அலுவலகத்தில் என் மேஜை முன்னால் ஓபா நின்றார்.

"ஹொன்மா, யோசிச்சுப் பாரு. தொகாஷி நடுவுல ஜெயிச்சான்னா, நான் ஆறாவது சாம்பியன், எட்டாவது சாம்பியன். ரெண்டு தடவை. அவனுக்கு முன்னாடியே."

"நீங்கதானே எழுதக் கூடாதுன்னீங்க?"

"அப்ப நான் சின்னப் பையன்" என்றார். அப்போது அவருக்கு முப்பத்தெட்டு வயது.

தலைவர் மறுபடியும் தலையசைத்தார். தொகாஷி ஏழாம் சாம்பியன் ஆனார். பின்னால் வந்தவர்கள் எல்லாருக்கும் எண் இரண்டிரண்டு கூடியது. நான் புதுப் பட்டியலை எடுத்துக்கொண்டு கடைக்குப் போனேன். தொகாஷி அதைப் படித்துவிட்டு, பொய்யை அச்சடித்திருக்கிறீர்களே என்று வருத்தப்பட்டார். ஃபுமியே அதை வாங்கிக் கடையில், தீயணைப்புக் கருவிக்குப் பக்கத்தில் ஒட்டினார். அந்த ஆட்டத்தை நேரில் பார்த்ததாகச் சொல்லிக்கொண்டு கடைக்கு வந்தவர்களை எல்லாம் கூட்டினால் இதற்குள் மூவாயிரம் தேறும்.

2006இல் சுகவாரா என்பவர் பன்னிரண்டாம் சாம்பியன் ஆனார். ராமென் நூடுல்ஸ் கடைக்காரர். நல்ல சுபாவம், நல்ல சூப். ஜெயித்த சந்தோஷத்தில் தன் கடையின் பெயரையே ‘பன்னிரண்டாமவர்’ என்று மாற்றி, ஒற்றைத் தேவதாருப் பலகையில் செதுக்கி மாட்டினார். அதைத் தூக்கி மாட்ட நான்கு மல்லர்கள் தேவைப்பட்டார்கள்.

2010இல் ஓபா நகரசபைத் தேர்தலுக்கு நின்றார். எதிர்க்கட்சிக்காரர்கள் அவர் பேசும் இடத்துக்கெல்லாம் வந்து, மண்ணெண்ணெய் என்ன விலை என்று கேட்டார்கள். ஓபா மறுபடி என் மேஜை முன்னால் வந்து நின்றார். தொகாஷியை நீக்க வேண்டும். சுகவாராவுக்கு இது தெரிந்து, கரண்டியோடு கிளம்பி வந்தார். தொகாஷியை எடுத்தால் தான் பத்தாமவர் ஆகிவிடுவேன், பலகையை என்ன செய்வது என்று கேட்டார். செப்டம்பரில் எல்லாரையும் கூட்டிப் பேசித் தீர்த்துவிடலாம் என்று தலைவர் சொன்னார்.

செப்டம்பரில் எங்கள் பக்கம் கூட்டம் என்றால் ஆற்றங்கரையில் சேப்பங்கிழங்குக் குழம்புதான். மொகாமி ஆற்றின் கரையில் அடுப்பு மூட்டி உட்கார்ந்தோம். முதல் ஒரு மணி நேரம் பட்டத்தைப் பற்றிப் பேச்சே எழவில்லை. சகாத்தாக்காரர்கள் பன்றிக்கறியும் மிசோ விழுதும் போட வேண்டும் என்றார்கள். உள்ளே மலைப் பக்கத்தில் பிறந்த குடோ, மாட்டுக்கறியும் சோயா ரசமும் இல்லாததைக் குழம்பு என்று ஒப்புக்கொள்ள மாட்டேன் என்று தட்டைக் கவிழ்த்து வைத்துவிட்டார். கடைசியில் இரண்டு பானை வைத்தோம். இரண்டிலும் சாப்பிட்டவர் தொகாஷி ஒருவர்தான்.

பிறகு ஓபா தன் கட்சியைச் சொன்னார். சுகவாரா தன் பலகையைச் சொன்னார். தொகாஷி எழுந்து, தன்னை எடுத்துவிடும்படி வேண்டிக்கொண்டார். பதினாறு வருஷமாக அந்தத் தோள் தன் கண்ணிலேயே நிற்கிறது என்றார். தலைவர், இனி நடுவர்தான் சொல்ல வேண்டும் என்று குடோவைப் பார்த்தார்.

குடோ தன் கிண்ணத்தைக் காலி செய்தார். தோள் எழும்பியதா என்று அவரால் சொல்ல முடியாது. ஏனென்றால் அந்த நொடியில் கண் மூடியிருந்தது. தும்மினேன், ஒப்புக்கொள்கிறேன் என்றார். ஓபா கையைத் தட்டினார். ஆனால் குடோ முடிக்கவில்லை. சங்கத்து விதிப் புத்தகத்தில், நடுவரின் கை மூன்று முறை தரையில் பட்டால் ஆட்டம் முடிந்தது என்று மட்டும் இருக்கிறது. கை எதனால் பட்டது என்று கேட்க யாருக்கும் உரிமை இல்லை. எனவே தொகாஷி ஜெயித்தார். தோள் என்ன செய்தாலும் சரி.

சுகவாரா நிம்மதியாகப் பெருமூச்சு விட்டார். அப்போது ஃபுமியே கைப்பையிலிருந்து அதே விதிப் புத்தகத்தை எடுத்தார். எரிபொருள் சட்டம் படித்த பெண்மணி. புத்தகம் முழுக்கச் சிவப்புக் கோடு.

"தலைவர் சான், ஒரு சந்தேகம். பதினேழாவது விதி. புதுசா பட்டம் ஜெயிச்சவரு முப்பது நாள் கழியாம பட்டத்த வெச்சு மோதக் கூடாதுன்னு இருக்கு. அன்னிக்கு ஒம்போது நிமிஷத்துலயே மோத வெச்சீங்களே?"

அந்த விதிகளைத் தலைவர் ஏதோ குத்துச்சண்டைப் புத்தகத்தைப் பார்த்து எழுதியவர். எழுதிய பிறகு திறந்து பார்த்ததில்லை.

"அப்படீன்னா?" என்று மெதுவாகக் கேட்டார் தலைவர்.

"அந்த மறு ஆட்டம் செல்லாது. எங்க வீட்டுக்காரர் பட்டத்த இழக்கவே இல்ல. இப்பவும் அவர்தான் சாம்பியன்."

சுகவாராவின் கையிலிருந்த கிழங்கு ஆற்றுக்குள் உருண்டது. மறு ஆட்டம் செல்லாது என்றால் ஓபாவின் எட்டாம் இடம் இல்லை. அவரை ஜெயித்தவர் யாரை ஜெயித்தார்? அவரை ஜெயித்தவரை ஜெயித்தவர்? சுகவாரா பன்னிரண்டாமவரும் இல்லை, பத்தாமவரும் இல்லை, ஒன்றுமே இல்லை. ஓபாவின் நிலைமை இன்னும் மோசம். பதினாறு வருஷத்துக்கு முன் மண்ணெண்ணெய்க்காரனிடம் இழந்ததை இன்றுவரை மீட்காதவர் அவர். தேர்தலுக்கு இருபது நாள் இருந்தது.

தொகாஷி பதறிப்போனார். பட்டத்தை இப்போதே, இங்கேயே திருப்பித் தந்துவிடுகிறேன் என்றார். எழுதிக் கொடுத்தால் போதும் என்று தலைவரும் பேனாவைத் தேடினார். ஃபுமியே தடுத்தார்.

"குடுக்க வேண்டாம்ங்க. தோத்துட்டுப் போங்க. ஆனா நான் பார்க்கற மாதிரி தோக்கணும். ஒரு தடவையாவது சாம்பியனா உள்ள வாங்க, நான் உக்காந்து பார்க்கறேன்."

தொகாஷி மனைவியையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, அன்று காலையிலிருந்து முதல் முறையாகச் சிரித்தார். தனக்கு அறுபத்தொரு வயது, இடுப்பு ஒத்துழைக்காது என்று சொல்லிப் பார்த்தார். ஜெயிக்கவா போறீங்க என்று ஃபுமியே கேட்டார்.

இடையில் வந்தவர்களை எல்லாம் ‘இடைக்காலச் சாம்பியன்’ என்று எழுதுவதாகவும், அவரவர் எண் அப்படியே இருக்கட்டும் என்றும் முடிவானது. பலகை பிழைத்தது. ஓபா மட்டும் இரண்டு பானையையும் தொடாமல் போனார்.

நவம்பர் பதினான்காம் தேதி, ஞாயிறு மதியம், சகாத்தா கூடத்தில் ஆட்டம். எதிராளி சுகவாரா. வாசலில் செருப்புக்கு வேறு ஆள் வைத்தோம். ஃபுமியே முதல் வரிசையில் சாம்பல் நிற கிமோனோ உடுத்தி, கைக்குட்டையை இறுகப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். இந்தத் தடவை என் அட்டையில் எழுத்து சரியாக இருந்தது. சாம்பியன், தொகாஷி யசுஹெய் என்று படித்தேன். குரல் கொஞ்சம் தடுமாறிவிட்டது. மைக் கோளாறு என்று பிறகு சொல்லிக்கொண்டேன்.

கெண்டிப் பெல்ட்டைத் தோளில் போட்டுக்கொண்டு அவர் நடந்துவந்தார். எடை தாங்காமல் ஒரு பக்கம் சாய்ந்துதான் வந்தார். மனைவி முன்னால் வந்ததும் நின்று, வாடிக்கையாளர் வீட்டு வாசலில் செய்வது போல ஆழமாகக் குனிந்தார். ஃபுமியேவும் எழுந்து குனிந்தார். இருவரும் யார் முதலில் நிமிர்வது என்று தெரியாமல் அப்படியே நின்றார்கள். குடோதான் வந்து பிரித்துவிட்டார்.

சுகவாரா பயந்து பயந்து ஆடினார். குடித்துவிட்டுத் தூங்குகிறவனை எழுப்புவது போல நெஞ்சில் தட்டினார். தொகாஷி அவரைப் பிடித்துக் காதோரம், நன்றாக அடிக்கும்படி கெஞ்சினார். சுகவாரா கண்ணை மூடிக்கொண்டு ஒரு அறை விட்டார். கூடமே அதிர்ந்தது. உடனே மன்னிப்புக் கேட்டார். தொகாஷி அவரைக் கட்டி, கேனைப் போல ஒரு சாண் உயரம் தூக்கவும் தூக்கிவிட்டார். அங்கேயே இடுப்பு பிடித்துக்கொண்டது. மேலே தூக்கவும் முடியவில்லை, கீழே விடவும் முடியவில்லை. சுகவாராவே மெல்லக் காலை ஊன்றி இறங்கி, தொகாஷியைப் படுக்கையில் கிடத்துவது போலக் கிடத்தி, மேலே பாரம் படாமல் படுத்தார். குடோ கண்ணை அகலத் திறந்து வைத்துக்கொண்டு மூன்று எண்ணினார். நான்கு நிமிஷம், பதினொரு நொடி.

ஃபுமியே ஒரு நொடிகூடக் கண்ணை மூடவில்லை. ஆட்டம் முடிந்ததும் உடை மாற்றும் அறைக்கு வந்தார். தொகாஷி குப்புறப் படுத்திருந்தார்; இடுப்பில் மருந்துப் பட்டை ஒட்டிக்கொண்டிருந்தார்கள்.

"இவ்வளவுதானா?" என்று ஃபுமியே கேட்டார். "இதுக்கா இத்தன வருஷம் பயந்து வாசல்லயே நின்னேன்?"

"இன்னிக்கு கொஞ்சம் சுமாராத்தான் தோத்தேன்" என்றார் தொகாஷி. "முன்னாடில்லாம் நல்லா இருக்கும். நீ பார்த்திருக்கணும்."

ஃபுமியே அவர் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். பட்டை உரியாதபடி கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டார். சுகவாரா சூப் வாளியோடு உள்ளே வந்து, மறுபடி மன்னிப்புக் கேட்டார்.

ஓபா தேர்தலில் தோற்றார். அதற்குத் தொகாஷி காரணமில்லை. பேசும்போது கூட்டத்தைப் பார்க்காமல் கடைக் கண்ணாடியைப் பார்த்ததுதான் காரணம் என்று அவர் கட்சிக்காரர்களே சொன்னார்கள்.

புதுப் பட்டியலை அச்சுக்குக் கொடுக்கும் முன் தொகாஷியிடம் காட்டப் போனேன். அந்த வருஷத்தின் முதல் பனி விழுந்துகொண்டிருந்தது. இடுப்புப் பட்டையோடு அவர் வண்டியில் கேன் ஏற்றிக்கொண்டிருந்தார். ஏழாம் சாம்பியன், பட்டம் வைத்திருந்த காலம் பதினாறு ஆண்டு, ஏழு மாதம், நான்கு நாள், சங்க வரலாற்றிலேயே மிக நீண்டது. பட்டத்தைக் காத்துக்கொண்ட ஆட்டங்கள்: ஒன்றும் இல்லை. அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வரி வரியாகப் படித்தார். எல்லாம் சரிதான், ஒன்று மட்டும் தப்பு என்றார்.

உயரம் நூற்று எண்பத்திரண்டு என்று போட்டிருந்தது. எல்லா மல்லர்களுக்கும் தலைவர் பத்துப் பதினொன்று கூட்டித்தான் போடச் சொல்வார். தன் உயரம் நூற்று எழுபத்தொன்று, இனியாவது அதைச் சரியாகப் போட்டுவிடும்படி தொகாஷி கேட்டுக்கொண்டார். அப்படிச் செய்தால் மற்றவர்கள் எல்லாருடையதையும் அளக்க வேண்டி வரும் என்று சொன்னேன். கடைக்குள்ளிருந்து ஃபுமியே, அளக்கிற நாடா இங்கேயே இருக்கிறது என்று குரல் கொடுத்தார்.